பதினேழாம் நம்பரின் ஜாடை

தொட்டிமலையில் பன்னிரண்டு நாள் பனிமூட்டம் விலகாமல் கிடந்த ஓர் ஐப்பசியில், கீழ்வரிசைத் தெருவில் ரெஜினா அக்காவின் வீடு குட்டி போட்டது. குட்டி போட்டது என்று சொன்னவர்கள் முதல் நாளே போய்ப் பார்த்தவர்கள். பெற்றெடுத்தது என்று மரியாதையாகச் சொன்னவர்கள் மூன்றாம் நாளுக்குப் பிறகு பழம் வாங்கிக்கொண்டு போனவர்கள். பேரூராட்சி அலுவலகக் கோப்பில் அது 'தானாகத் தோன்றிய இணைப்புக் கட்டடம்' என்று இருக்கிறது, அப்படி எழுதியது நான்.

வீட்டுக்குப் பின்னால், கோஸ் பாத்திக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில் அது நின்றது. முழங்கால் உயரம். நான்கு சுவர், ஒரு சரிவுக் கூரை, இரண்டு விரலால் திறக்கக்கூடிய ஒரு கதவு. சுவர்கள் அப்போதுதான் தட்டிலிருந்து எடுத்த இட்லிபோல ஈரமாகவும் சூடாகவும் இருந்தன, தொட்டால் விரல் பதிந்தது, ஆவி போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் முழுக்க வீடு முனகிக்கொண்டே இருந்ததாகவும், கதவுகள் உப்பிச் சாத்த முடியாமல் போனதாகவும், காற்றுதான் என்று தான் நினைத்ததாகவும் ரெஜினா அக்கா சொன்னார். அவர் கணவர் உபகாரம் அண்ணன் கேரட் கழுவும் மெஷினில் வேலை பார்ப்பவர். விடிகாலையில் வேலைக்குப் போகப் பின்கதவைத் திறந்தவர் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து ஒரு பழைய கம்பளியை எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்திவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

தெரு அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், ஒரு பிரசவத்தை எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி. தாய் வீட்டுக்குப் பத்தியம் என்றார்கள். ஒன்பது நாள் தரையில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது, வேப்பிலை போட்ட வெந்நீரால்தான் துடைக்க வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் பூண்டுக் குழம்பு கொண்டுவந்தார்கள், வீடு சாப்பிடாது என்பதால் உபகாரம் அண்ணன் சாப்பிட்டு ஒரே வாரத்தில் சதை போட்டார். குட்டியின் கதவுத் தாழ்ப்பாளில் வசம்பு கட்டினார்கள், பக்கச் சுவரில் பெரிதாகக் கறுப்புப் பொட்டு வைத்தார்கள். உபதேசியார் வந்து, ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்று தனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, ஜெபம் மட்டும் பண்ணினார். துணை சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து அளந்து, உயரம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று அட்டையில் எழுதி, எடை என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். அது வாரத்துக்கு ஓர் அடி வளர்ந்தது.

இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பொறாமை இருந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. கட்டிய வெள்ளைக்காரரின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அதன் வரிசை எண் பதினேழு, அதனால் பதினேழாம் நம்பர் என்பதே அதற்குப் பெயர். யாரும் குடியில்லை. சவரிமுத்து அண்ணன் என்கிற காவல்காரர் மட்டும் தினமும் வந்து ஜன்னல்களைத் திறந்து, காற்று வாங்கவிட்டு, சாத்திவிட்டுப் போவார். மலையும் பாதுகாக்கப்பட்ட மலை, பங்களாவும் பாதுகாக்கப்பட்ட பங்களா. அதன் வெளிச்சுவரிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக ஒரு செங்கல் வைக்கக் கூடாது. குளியலறை கூடாது, கோழிக்கூடு கூடாது, விறகு நனையாமல் இருக்க ஒரு தகரக் கொட்டகை கூடாது. நூறு மீட்டருக்கு வெளியே என்றால், மண் சரியுமா, ஓடை அடைபடுமா என்று பார்த்துவிட்டு எங்கள் அலுவலகமே அனுமதி தரலாம். தெருவில் இருபத்து நான்கு வீடுகள். மேலே இருக்கிற பதினான்கு வளையத்துக்குள், கீழே இருக்கிற பத்து வெளியே. ரெஜினா அக்காவின் வீடு அறுபத்திரண்டாவது மீட்டரில் இருந்தது. பதினோரு வருடத்தில் மூன்று முறை ஓர் அறைக்கு விண்ணப்பித்து, மூன்று முறையும் இல்லை என்று பதில் வாங்கிய வீடு அது. எங்கள் வீடு நூற்று மூன்றாவது மீட்டரில் இருந்தது.

அந்த மூன்று மீட்டரை நம்பித்தான் எங்கள் குடும்பம் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் சந்து. அதில் அம்மா, நான், அண்ணன் பூபாலன், அண்ணி கோமதி, நடுவில் அம்மாவின் பழைய புடவை ஒன்று திரையாக. பிரசவத்துக்குப் பவானிக்குப் போன அண்ணி, பெண் பிறந்து ஐந்து மாதம் ஆகியும் வரவில்லை. "கதவு வெச்ச ஒரு ரூம் கட்டுங்க, அடுத்த பஸ்ஸுக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்துடறேன்," என்று போனில் சொன்னார். "புடவைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வருஷம் மூச்சடக்கிப் படுத்துக்க என்னால ஆகாது." அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தை மாதத்துக்குள் அறை வராவிட்டால் அண்ணனே கீழே பவானிக்குப் போய்விடுவான், அவனுக்கு அங்கே தறியில் வேலை பார்த்து வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சிவில் இன்ஜினியரிங். கட்டட அனுமதிப் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்தபோது, அம்மா அதை இனி அறை வந்துவிடும் என்றுதான் புரிந்துகொண்டார். எங்கள் விண்ணப்பம் என் நாற்காலிக்கு மூன்றடி பின்னால், இரண்டாம் தட்டில், மூன்றாவது கோப்புக் கட்டில், பதினான்கு மாதமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தத் தட்டைத் தூசி தட்டுவேன். ஒருநாளும் அந்தக் கட்டை மேலே எடுத்து வைத்ததில்லை. பயம் என்று சிலர் சொன்னார்கள், பயமும்தான். தப்பாக ஒரு காகிதத்தைத் தொட்டால் இந்த நாற்காலி போய்விடும் என்றும், எங்கள் மாதிரி ஆட்கள் உட்கார்ந்தால் இப்படித்தான் என்று பேசுவார்கள் என்றும் எனக்குப் பயம்.

"திரும்பி ஒரு கை நீட்டுனா எடுத்து மேல வெக்கலாமேடி," என்பார் அம்மா.

"முறைப்படி வரும்மா."

"முறை வர்றதுக்குள்ள உன் அண்ணன் பொண்ணு பெரியவளாயிடுவா."

இப்படி நான் முறைக்குக் காத்துக்கொண்டிருக்கும்போதுதான், வளையத்துக்கு நடுவில், விண்ணப்பம் இல்லாமல், வரைபடம் இல்லாமல், ஒரு மூட்டை சிமென்ட் இல்லாமல், ரெஜினா அக்காவுக்கு அறை பிறந்தது.

குழந்தை பார்க்கப் போனால் எங்கள் பக்கம் முதலில் கேட்பது ஜாடைதான். மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று பேசாமல் யாரும் கையில் காப்பி வாங்க மாட்டார்கள். குட்டி இடுப்பு உயரம் வந்தபோது அதன் ஜன்னல் திறந்தது. மேலே வளைவு வைத்த ஜன்னல். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் வளைவு ஜன்னல் கிடையாது. பிறகு கூரையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு புகைபோக்கி முளைத்தது. பார்க்க வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், தலையைத் தூக்கி மேட்டில் இருந்த பங்களாவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெத்தி அப்படியே பதினேழாம் நம்பர்," என்றார் ரேஷன் கடை அக்கா.

"பக்கத்துல பக்கத்துல இருந்தா பழக்கம் வராதா?" என்றது இன்னொரு குரல்.

"உபகாரம், காலைல நாலு மணிக்கே கேரட் கழுவப் போயிடற. வீட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கோப்பா."

உபகாரம் அண்ணன் சிரித்தார். "மேல இருக்கிறவரு நூத்தம்பது வருஷமா அசையாம நிக்கிறாரு. அவரு மேல சந்தேகப்படறீங்களே, உங்களுக்கு நல்லகதி கிடைக்குமா?"

சவரிமுத்து அண்ணனுக்குத்தான் கோபம். "எம் பங்களா மேல பழி போடாதீங்க. அது படி இறங்கினதே இல்ல," என்று தெருமுனையில் நின்று சத்தம் போட்டார். ஆனால் குட்டி பிறந்த அன்று காலை பங்களா வராந்தாவில் ஈரமண் இருந்ததை அவரே ரேஷன் கடை அக்காவிடம் மட்டும் சொன்னார், அக்கா தெருவிடம் மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் உபசாரம் ஆரம்பித்தது. ஒருவர் பருவம் தப்பிச் சுண்ணாம்பு அடித்தார். ஒருவர் நிலைக்கு மஞ்சள் பூசி மல்லிகைச் சரம் போட்டார். ஒருவர் கிழக்கே பார்த்த ஜன்னலைப் பெயர்த்துப் பங்களா தெரிகிற பக்கம் வைக்கப் பார்த்து, நான் நோட்டீஸ் கொடுத்ததால் நிறுத்திக்கொண்டார். பவுன்ராஜ் என்பவர் பொறுக்க முடியாமல் தன் வீட்டுச் சுவரை உதைத்து, "மலட்டு வீடு, மலட்டு வீடு," என்று திட்டினார். கல்யாணமாகி ஒன்பது வருடம் அதே வார்த்தையைக் கேட்டுவிட்டுப் பிறகு இரண்டு பிள்ளை பெற்ற அவர் மனைவி, அன்றிலிருந்து மூன்று நாள் அவருக்குச் சோறு போடவில்லை. என் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாம்பிராணி போட்டுவிட்டு, சுவரில் கன்னத்தை வைத்து, "உனக்கென்ன கொறை, அவ வீட்டை விட நீ என்ன மட்டமா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நான் கேலி செய்யவில்லை. அலுவலகம் போகும்போதும் வரும்போதும், ரெஜினா அக்கா வீட்டைத் தாண்டும் அந்த இருபது அடியில் என் வயிறு எரிந்துகொண்டேதான் போகும். வெள்ளரிக்காய் வளர்கிறதைப்போல அது வளர்கிறது, யாரிடமும் கையெழுத்துக் கேட்காமல் வளர்கிறது, நான் படித்த எந்தப் புத்தகமும் இல்லாமல் அதற்கு நான்கு மூலையும் சரியாக இருக்கிறது என்று எரியும்.

கார்த்திகையில் அது ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம் வந்ததும் யாரோ பெயர் போடாமல் புகார் எழுதினார்கள். கட்டட ஆய்வாளர் இளங்கீரன் சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். விதியைச் சொல்லும்போதுகூட மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்வார்.

"கட்டுனாங்கன்னா இடிக்கலாம். பொறந்ததுக்கு எப்படிம்மா நோட்டீஸ் குடுக்கறது?" என்றார். "ஆனா யாரோட இணைப்புன்னு ஃபைல்ல வரணும். ரெஜினா வீட்டோடதுன்னா வரன்முறைப்படுத்திக் குடுத்துடலாம். பதினேழாம் நம்பரோடதுன்னா அது பட்டியல்ல சேர்ந்துடும், நம்ம கையில இல்ல. நீ போய்ப் பாத்துட்டு எழுது. நீ எழுதுனா நான் அப்படியே கையெழுத்துப் போடறேன். நீ பொய் எழுத மாட்டே."

நான் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ரெஜினா அக்கா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். எட்டடிக்கு ஏழடி. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

"பாருடி செவ்வந்தி, நேத்துதான் அலமாரி வந்துச்சு. மொதல்ல சின்னப் பொந்துமாதிரி இருந்துச்சு, காலைல பாத்தா மூணு தட்டு."

நான் நோட்டின் இடது பக்கத்தில் பதினேழாம் நம்பரின் ஜாடைகளை எழுதினேன்: வளைவு ஜன்னல், புகைபோக்கி, கூரை விளிம்பில் மரப் பூவேலை, சுண்ணாம்புச் சாந்து, இன்னும் ஐந்து. மொத்தம் ஒன்பது. வலது பக்கத்தில் ரெஜினா அக்கா வீட்டின் ஜாடைகளை எழுதினேன்: தலை குனிந்து போகவேண்டிய தாழ்ந்த நிலை, இடது பக்கம் சாய்ந்த கதவு, தரையில் அதே மூலையில் அதே விரிசல், அதே இடத்தில் ஒழுக்கு, தாய் வீட்டில் அடுப்பு இருக்கும் பக்கச் சுவரில் மட்டும் சூடு, எங்கிருந்தோ வரும் கேரட் மண்ணின் வாசனை, இன்னும் ஐந்து. எண்ணினேன். பதினொன்று.

டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரெஜினா அக்கா காப்பி கொண்டுவந்தார். "உங்கண்ணியை வரச்சொல்லுடி. உங்க ரூம் வர்ற வரைக்கும் இதுல படுத்துக்கட்டும், எனக்கென்ன. பசங்க முன்னாடி ரூம்ல கெடப்பாங்க." பிறகு என் தலையைத் தடவினார். "பாவம்டி நீ. இவ்வளவு படிச்சும் ஒண்ணும் நடக்கலையே."

மனதாரச் சொன்னார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அலுவலகத்துக்கு வந்து அறிக்கையை நல்ல காகிதத்தில் எழுதினேன். இடது பக்கத்தில் இருந்த ஒன்பதையும் வரிசையாக, அளவுகளோடு எழுதினேன். அதன்பிறகு நோட்டின் வலது பக்கத்தை மடித்தேன். நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. எழுதிய ஒன்பதில் ஒன்றைக்கூட யாரும் மறுக்க முடியாது. முடிவுரை என்ற இடத்தில், 'மேற்கண்ட ஒப்புமைகளின்படி இது பதினேழாம் எண் கட்டடத்தின் இணைப்பாகக் கருதத்தக்கது' என்று எழுதி, கீழே என் பெயரையும் பட்டத்தையும் எழுதினேன். இளங்கீரன் சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் ஆட்கள் வந்தார்கள். ரெஜினா அக்காவின் கோஸ் பாத்தியைச் சுற்றி முள்கம்பி போட்டு, 'பாதுகாக்கப்பட்ட கட்டடம், எண் 17 அ, உள்ளே நுழையத் தடை' என்று நீலப் பலகை நட்டார்கள். தாழ்ப்பாளில் இருந்த வசம்பை அந்நியப் பொருள் என்று அவிழ்த்துப் போட்டார்கள். கறுப்புப் பொட்டைச் சுரண்டினார்கள். ரெஜினா அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பெத்தது எங்க வீடுய்யா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார், அவர்களும் திரும்பத் திரும்ப என் அறிக்கையைக் காட்டினார்கள்.

தெரு மூன்று நாள் சந்தோஷமாக இருந்தது. உள்ளதை எழுதினால் இதையும் எழுத வேண்டும். வாயால் ஐயோ பாவம் என்றார்கள்; ஆனால் எல்லா வீட்டிலும் அன்று கொஞ்சம் நல்ல சாப்பாடு. மலையில் முருங்கைக்காய் விற்கிற விலைக்கு எங்கள் வீட்டுச் சாம்பாரில் முருங்கைக்காய் மிதந்தது. "ஆசைப்படலாம், அதுக்குன்னு இப்படியா," என்று அம்மா யாரையும் குறிப்பிடாமல் சொன்னார். நான் இரண்டு முறை சோறு வாங்கினேன்.

குட்டி வளர்வதை நிறுத்தியது. ஜன்னல் பாதி மூடிக்கொண்டது. புகைபோக்கியிலிருந்து, அடுப்பே இல்லாத அறையின் புகைபோக்கியிலிருந்து, அவ்வப்போது கரி துப்பியது. பெரியாஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே வைத்துவிட்டு வெளியே உட்காருகிறவர்களைப் போல, ரெஜினா அக்கா கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து பட்டாணி உரித்தார். தாய் வீட்டின் பின்கதவு எவ்வளவு தாழ் போட்டாலும் தானாகத் திறந்துகொண்டது.

மார்கழி முதல் வாரத்தில் இளங்கீரன் சார் தெருவின் வரைபடத்தை மேஜையில் விரித்து, காம்பஸில் பென்சிலைச் செருகினார். எதற்கு சார் என்று கேட்டேன்.

"17 அ-வும் பட்டியல்ல வந்துடுச்சில்லம்மா. அதோட சுவருல இருந்தும் நூறு மீட்டர் போடணும்."

ஊசியை ரெஜினா அக்காவின் கோஸ் பாத்தியில் குத்தினார். பென்சில் நகர்ந்தது. அது பங்களாவின் தோட்டத்தில் போனது, ஓடையைத் தாண்டியது, தெருவுக்குள் இறங்கியது, எங்கள் வீட்டை நெருங்கவே இல்லை, எங்கள் வீட்டுக்கு வெகுதூரம் கீழே, ரேஷன் கடைக்கும் அப்பால், கடைசி வீட்டையும் வளைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. வெளியே இருந்த பத்து வீடுகளில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. எங்கள் வீடு இப்போது நாற்பத்தோராவது மீட்டரில் இருந்தது. நில அளவையில் நான் எண்பத்து நான்கு மதிப்பெண் வாங்கியவள். அறிக்கை எழுதும்போது அந்த வட்டத்தை மனதில்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை.

"உங்க வீடும் உள்ளதான் வருதும்மா," என்றார் சார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "உங்க ஃபைல் அடுத்த வாரம் முறைக்கு வந்திருக்கும்."

அறிவிப்பு ரேஷன் கடையில் ஒட்டப்பட்ட அன்று மத்தியானமே தெருவுக்கு ஜாடை மாறிப்போனது. நெற்றி அப்படியே பதினேழாம் நம்பர் என்றவர்கள், எந்தக் குருடன் சொன்னான், அது ரெஜினா வீட்டை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். பவுன்ராஜ் ஒரு மனு எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். சார் அதைப் படித்துவிட்டு, "ஜாடைக்குக் கையெழுத்து செல்லாதுங்க. பாத்து எழுதுனவங்களே திருத்தினாத்தான்," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணி போன் பண்ணினார். "விடு செவ்வந்தி, உன் மேல தப்பு இல்ல. உங்கண்ணனை இங்க வரச்சொல்லிட்டேன். பாப்பாவை அப்பப்ப வந்து பாத்துக்கோங்க." அம்மா போனை வாங்கவில்லை. புடவைத் திரையை அவிழ்த்து மடித்து வைத்தார். நடுவில் திரை இல்லாமல் எங்கள் அறை ரொம்பப் பெரிதாக இருந்தது.

மறுநாள் நான் திருத்த அறிக்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு பக்கப் படிவத்தில், மடித்து வைத்திருந்த பதினொன்றையும் எழுதினேன். கடைசிக்கு முந்தின வரி: விடுபட்டதற்கான காரணம். மூன்று கட்டங்கள்: கவனக்குறைவு; பனி, மழை முதலியவற்றால் தெரியாமை; பிற.

சார் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "மொத ரெண்டுல எதைப் போட்டாலும் உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. மெமோகூட வராது. மறு ஆய்வுக்கு மேலருந்து குழு வரும்."

"எப்ப சார் வரும்?"

"கோடை சீசன் முடிஞ்சு வரலாம். அடுத்த வருஷமும் ஆகலாம்."

"அதுவரைக்கும் வட்டம்?"

"இருக்கும்."

"பிற-ன்னு போட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சே விட்டதுன்னு ஆயிடும். அறிக்கை எழுதின நாள்ல இருந்தே செல்லாது. வட்டம் அன்னிக்கே போயிடும். ஆனா நீ இங்க இருக்க முடியாது. வேற எந்த ஆபீசுலயும் கஷ்டம்."

கவனக்குறைவு என்ற கட்டத்தின் மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு நான் கவனமானவள் என்பதுதான். அந்த வலது பக்கத்தை எவ்வளவு கவனமாக, ஓரம் ஓரத்தோடு சேர, நகத்தால் அழுத்தி மடித்தேன் என்று என் கைக்குத் தெரியும். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் இருந்த கோட்டில் 'பொறாமை' என்று எழுதினேன்.

சார் படித்துவிட்டு அந்த ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். "தனிப்பட்ட காரணம்னு மாத்தி எழுதேம்மா," என்றார்.

"அது லீவு லெட்டருக்கு எழுதறது சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை முழுதாகப் படித்துவிட்டுப் போட்டார்.

கம்பியை எடுத்த அன்று ரெஜினா அக்காவிடம் போனேன். அவர் தாழ்ப்பாளில் புது வசம்பு கட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"இந்த ஒத்தை ரூமுக்கா?" என்றார், திரும்பாமல்.

"இல்லக்கா. பாவம்னு சொன்னீங்கல்ல. அதுக்கு."

முடிச்சை இறுக்கினார். "சரி. இனிமே சொல்லல," என்றார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமே சொல்லவில்லை.

எங்கள் கோப்பு முறைப்படி வந்து, முறைப்படி அனுமதி கிடைத்து, அண்ணன் கீழே கிளம்ப இருந்த வாரத்தில் அஸ்திவாரம் தோண்டினோம். பத்தடிக்கு எட்டடி, கதவு வைத்த அறை. மாசியில் அண்ணி பாப்பாவோடு வந்தார்; நேரே புது அறைக்குள் போய், கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திறந்தார், மறுபடி போட்டார். அம்மா வெளியே நின்று, "இன்னொரு தடவ போடு," என்றார். நான் வேலை இல்லாமல், தபாலில் போட வேண்டிய விண்ணப்பங்களோடு வீட்டில் இருந்தேன். இதைச் சம்பாதித்தது நான்தான் என்று ஒரு கணம் நிமிர்ந்தேன்.

மறுநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். ஒன்பது மாதக் குழந்தை, யாரிடமும் போகும், எதையும் பிடுங்கும். ரெஜினா அக்கா வீட்டருகே வந்ததும் அது திமிறியது. பின்பக்கம் தெரிந்த அந்த அறையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கத்தியது. அறை தாய் வீட்டின் கூரை உயரம் வந்து, இரண்டாவது ஜன்னலும் விட்டிருந்தது. எங்கள் அறையைவிட ஒரு சாண் உயரம். கண்ணாலேயே அளந்துவிட்டேன், அளக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் புது அறைக்குள் போனதிலிருந்து சிணுங்கிக்கொண்டே இருந்த குழந்தை, இதைப் பார்த்துச் சிரித்தது. அறையின் ஜன்னல்கள் இரண்டும் மெல்லத் திறந்தன.

இரண்டு மாதமாக என்னோடு பேசாத ரெஜினா அக்கா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டினார். குழந்தை என் தோளிலிருந்து நகத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரிடம் தாவியது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, இடது பக்கம் சாய்ந்த அந்தக் கதவுக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கவனித்துக் கேட்டால் மூன்று. நான் கோஸ் பாத்தி ஓரத்தில் நின்றேன். போய்த் தட்டலாம் என்றும் தோன்றியது, தட்டினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்றும் தோன்றியது. வயிறு எரிய எரிய, கதவு திறக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.